மருதாயியின் இடது கண்

அந்த ஊரை விட்டு நான் நடந்துகொண்டிருந்தபோது திங்கட்கிழமை காலை ஏழு மணி இருக்கும். தோளில் ஒரு பை. அதில் இரண்டு கைலி, ஒரு சட்டை, சோப்பு டப்பா, சார்ஜர். ஆபீஸ் கொடுத்த போனை ஊராட்சி அலுவலக மேசையில் வைத்து, அதன் மேல் ஒரு பழைய நோட்டைப் போட்டு மூடிவிட்டு வந்திருந்தேன். மருங்காபுரிப் பக்கத்து மண் ரோடு. மெயின் ரோட்டுக்கு மூன்று கிலோமீட்டர். அங்கே போனால் மணப்பாறைக்கு பஸ் கிடைக்கும். மணப்பாறைக்குப் போய்விட்டால் திருச்சிக்கு எத்தனையோ பஸ்.

யாராவது எதிரே வந்து கேட்டால் "திருச்சில ஒரு ஜோலி, நாளைக்கு வந்துருவேன்" என்று சொல்வதாக முடிவு செய்து, அதை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே நடந்தேன். ஒருவரும் எதிரே வரவில்லை. அது இன்னும் பயமாக இருந்தது. பின்னால் ஒரு பைக் சத்தம் கேட்டதும் புளியமரத்து ஓரமாக ஒதுங்கி, மூத்திரம் போகிறவன் போல நின்றேன். பால்காரர். அவர் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

எனக்கு வயது ஐம்பத்திரண்டு. படிப்பு எட்டாவது, அதிலும் முழுப் பரீட்சை எழுதவில்லை. மண்ணச்சநல்லூர் ரைஸ்மில்லில் நெல் அவித்திருக்கிறேன். லாரியில் கிளீனராக குல்பர்கா வரை போயிருக்கிறேன். போர்வெல் வண்டியோடு அந்த ஊருக்கு வந்தேன். வண்டி அடுத்த ஊருக்குப் போனது, நான் காய்ச்சலில் படுத்துத் தங்கிவிட்டேன். அப்படித்தான் இந்த வேலைக்கு வந்தேன். இன்றைக்கு இளைய பிள்ளைகள் பலர் கையில் ஒரு போனைக் கொடுத்து, ஊர் ஊராகப் போய் ஆட்களைப் பதிந்து வா என்கிறார்கள். நான் செய்த தவறு அந்த வேலையில் இருப்பவன் மட்டுமே செய்யக்கூடியது. அதனால் எழுதி வைக்கிறேன்.

போன் பிடித்தது

ஊராட்சிச் செயலர் பேர் பன்னீர். ஊரில் எல்லோருக்கும் அவர் கிளார்க்கு. நாற்பது வயது, இரண்டு ஊராட்சிகளைச் சேர்த்துப் பார்த்தார். அதனால் எப்போதும் பாதி சாப்பாட்டில் எழுந்து போகிற ஆள். டீக்கடையில் என்னைப் பார்த்துக் கேட்டார்.

"அண்ணே, டச் போன் பிடிக்கத் தெரியுமா?"

"பிடிப்பேன் சார்."

"கை நடுங்குமா?"

"நடுங்காது."

"அப்ப வாங்க. லாகின் என்னது. காலு உங்களது."

வேலை இதுதான். நூறு நாள் வேலை கார்டு வைத்திருக்கிற ஒவ்வொருவர் முகத்தையும் போனில் காட்டி, அவர்களுடைய ஆதார் போட்டோவோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும். போனில் ஒரு வட்டம் வரும். முகம் வட்டத்துக்குள் இருக்க வேண்டும். பிறகு கண்ணைச் சிமிட்டச் சொல்லும். போட்டோவைக் காட்டி ஏமாற்றக் கூடாது, உயிருள்ள ஆள்தான் நிற்க வேண்டும் என்பதற்காக அந்த ஏற்பாடு. சிமிட்டினால் வட்டம் பச்சையாகும். இல்லையென்றால் சிவப்பு.

முகத்தை வட்டத்துக்குள் கொண்டுவருவது சுலபமாக இருந்தது. சிமிட்ட வைப்பதற்குள் உயிர் போனது. அங்கே ஐம்பது வயதைத் தாண்டிய பெண்களெல்லாம் வாழ்நாளில் இரண்டோ மூன்றோ தடவை ஸ்டூடியோவில் போட்டோ எடுத்தவர்கள். போட்டோ என்றால் மூச்சைப் பிடித்து, முந்தானையைச் சரிசெய்து, கண்ணை அகலத் திறந்து நிற்க வேண்டும் என்று பழகியவர்கள். போனை நீட்டியதும் சிலை மாதிரி நின்றுவிடுவார்கள்.

"கண்ணைச் சிமிட்டுங்கக்கா."

"அடப் போப்பா. எங் கல்யாணத்துல கண்ணக் கொட்டிப்புட்டேன்னு போட்டோக்காரரு மாப்ள வீட்டுக்கு முன்னாடியே திட்டுனாரு. இப்ப நீ கொட்டச் சொல்ற."

பக்கத்தில் நின்ற இன்னொருவர், "எம் புருசனப் பாத்தே நான் கண்ணடிச்சதில்ல. இந்த ஆளுக்கு அடிக்கணுமாம்" என்றார். வேலை நடந்த வாய்க்கால் முழுக்கச் சிரிப்பு.

நாலைந்து நாளில் ஒரு வித்தை கண்டுபிடித்தேன். போனை வலது கையில் பிடித்துக்கொண்டு, இடது கையால் ஈ ஓட்டுவது போல அவர்கள் முகத்துக்கு முன் சடாரென்று வீசுவேன். இமை தானாக அடிக்கும். வட்டம் பச்சையாகும். ஒரு நாளைக்கு நாற்பது பேர்கூட முடித்திருக்கிறேன். கிளார்க்கு என்னைப் பக்கத்து ஊராட்சிக்கும் அனுப்பினார். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு வேலையில் நான் கெட்டிக்காரன் என்று எனக்கே தோன்றியது.

மசோதா

அந்தச் சமயத்தில்தான் டி.வி.யில் மசோதா வந்தது. நூறு நாள் வேலைச் சட்டத்தை எடுத்துவிட்டு வேறு சட்டம் கொண்டுவரப் போகிறார்கள் என்றார்கள். நாட்களைக் கூட்டுகிறோம் என்று ஒரு பக்கம் சொன்னார்கள். டெல்லியிலிருந்து வரும் பணத்துக்கு முன்கூட்டியே ஒரு வரம்பு, மாநிலம் இன்னும் அதிகமாகப் பங்கு போட வேண்டும், விதைப்பு அறுப்புக் காலத்தில் வேலையை நிறுத்தி வைக்கலாம் என்று மறுபக்கம். ஒரு சேனலில் நல்லது என்றார்கள், அடுத்த சேனலில் செலவைக் குறைக்கிற வழி என்றார்கள். டீக்கடையில் இருந்தவர்களுக்கு இரண்டும் பாதிதான் விளங்கியது. எனக்கும் அப்படித்தான். எல்லோரும் என்னிடம் கேட்டது ஒரே கேள்வி: "எம் பேரு இருக்குமா?"

கிளார்க்கு முகம் அந்த வாரத்தில் கறுத்துப்போனது. ஒரு நாள் சாயந்திரம் சொன்னார்.

"அண்ணே, புதங்கிழமையோட லிஸ்ட்ட முடிக்கச் சொல்லிட்டாங்க. புதுச் சட்டம் வந்தா புது கார்டு. முகம் ஏறுனவங்களத்தான் அங்க சேப்பாங்களாம். ஏறாத பேரு தானா விழுந்துருமாம்."

"யாரு சார் சொன்னாங்க?"

"எல்லாரும்தான் சொல்றாங்க."

"எழுத்துல வந்துருக்கா?"

"எழுத்துல வந்தப்புறம் பயந்து என்ன புண்ணியம்? ஒண்ணு மட்டும் சொல்றேன். ஆகலன்னு ஒருத்தரையும் எழுதிக் கொண்டாராதீங்க. நம்ம ஊராட்சில மட்டும் மிச்சம் இருக்குன்னு மீட்டிங்கில என்னத்தான் எழுப்பி நிறுத்துவாங்க. முடிச்சுட்டு வாங்க."

அவரைக் குறை சொல்ல முடியாது. அவருக்கும் அது தெரியாத இருட்டுதான்.

புதன்கிழமை மத்தியானம் என் கையிலிருந்த பதிவுத் தாளில் ஒரே ஒரு பெயர் மிச்சம் இருந்தது. மருதாயி.

பச்சை வட்டம்

மருதாயி அக்காவுக்கு ஐம்பத்தெட்டு வயது. தனி ஆள். இரண்டு வருடத்துக்கு முன் முகவாதம் வந்து, முகத்தின் இடது பக்கம் இழுத்துக்கொண்டது. வாய் ஓரளவு சரியாகிவிட்டது. இடது கண் மட்டும் மூடாது. வாய்க்காலில் மண் வெட்டும்போது முந்தானையை நெற்றியிலிருந்து சரியவிட்டு, அந்தக் கண்ணைத் தூசியிலிருந்து மறைத்துக்கொள்வார். வேலையில் யாருக்கும் சளைத்தவர் இல்லை.

அவர் வீட்டு வாசலுக்கே போனேன். அவரிடம் என் ஈ ஓட்டும் வித்தை எடுபடவில்லை. வலது கண் அடித்தது, இடது கண் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. சிவப்பு. விரலால் இமையை இறக்கிப் பார்த்தோம். விரல் முகத்தை மறைக்கிறது என்று சிவப்பு. வெயிலில் நிற்கவைத்தேன், நிழலில் நிற்கவைத்தேன். பத்துத் தடவைக்கு மேல் எண்ணவில்லை.

"விடுங்க தம்பி. அதுக்கு என்னப் புடிக்கல" என்றார்.

"பேரு விழுந்துரும்க்கா."

அவர் முந்தானை நுனியால் இடது கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு சொன்னார். "நடவுக்கு, கள எடுக்க எல்லாம் ஆளப் பாத்துக் கூப்புடுறாங்க. இந்த மூஞ்சியப் பாத்தா, பாவம் ஒடம்பு சரியில்லன்னு தாண்டிப் போயிடுறாங்க. இது ஒண்ணுதான் தம்பி கார்டப் பாத்துக் கூப்புடுற வேல. அதுவும் இப்ப மூஞ்சியக் கேக்குது."

அப்போது வீட்டுக்குள்ளிருந்து அவருடைய தங்கை அஞ்சலை தண்ணீர்ச் செம்போடு வந்தார். மணப்பாறையில் ஒரு முறுக்குப் பட்டறையில் வேலை. அன்றைக்கு லீவு போட்டு அக்காவைப் பார்க்க வந்திருந்தார். எட்டு வயது இளையவர். அதே நெற்றி, அதே மூக்கு, அதே தாடை. மருதாயி அக்காவின் ஆதார் அட்டை என் கையில் இருந்தது. அதில் இருந்த போட்டோ முகவாதத்துக்கு வெகு காலம் முன்னால் எடுத்தது. அட்டையைப் பார்த்தேன், அஞ்சலையைப் பார்த்தேன்.

எனக்குத் தோன்றியதை அப்படியே சொல்லிவிட்டேன்.

"ஏங்க, ஒரு நிமிஷம் இப்படி நின்னு கண்ணைச் சிமிட்டுங்க."

"நான் எதுக்கு?" என்றார் அஞ்சலை.

மருதாயி அக்கா உடனே புரிந்துகொண்டார். "தப்பு இல்லையா தம்பி?"

"பேரு உங்களது, கார்டு உங்களது, உடம்பு உங்களது. கண்ணு மட்டும்தான்க்கா தங்கச்சி குடுக்குறாங்க."

பேச்சு எனக்கு நன்றாக வரும். இதுவரை நான் மாட்டிக்கொண்டதெல்லாம் அதனால்தான்.

அஞ்சலை நின்றார். ஒரே தடவை சிமிட்டினார். கையைக்கூட வீச வேண்டியிருக்கவில்லை. வட்டம் பச்சையானது. பழைய போட்டோவில் இருந்த மருதாயிக்கு, எதிரே நின்ற மருதாயியைவிட அஞ்சலைதான் பொருத்தம் என்று போன் முடிவு செய்துவிட்டது. நாங்கள் மூவரும் சிரித்தோம். அஞ்சலை எனக்கு ஒரு பாக்கெட் முறுக்கு கொடுத்தார். கிளார்க்குக்குப் போன் போட்டு "முடிஞ்சது சார்" என்றேன். "எல்லாமா?" என்றார். "எல்லாம்" என்றேன். அவர் விட்ட பெருமூச்சு எனக்குக் கேட்டது.

மூன்று நாள்

வியாழக்கிழமையிலிருந்து வேலைத்தளத்தில் வருகையும் முகத்தைக் காட்டித்தான் என்றார்கள். காலையில் வாய்க்கால் கரையில் வரிசை. மருதாயி அக்கா வந்து நின்றார். போனை நீட்டினேன். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவர் பெயருக்குள் இப்போது இருப்பது தங்கச்சி முகம். சிவப்பு.

"அப்புறம் பாக்கலாம், போயி வேலையப் பாருங்கக்கா" என்றேன். அவர் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு இறங்கினார். சாயந்திரம் வரை வெட்டினார். போனில் அவர் பெயருக்கு நேராக "வரவில்லை" என்று இருந்தது.

வெள்ளிக்கிழமையும் அதே கதை. அன்றைக்குத்தான் கரைமேல் இருந்த ஒருவர் போனைக் காதிலிருந்து எடுத்து, "பில்லு பாஸாயிருச்சாம்!" என்று கத்தினார். பெண்கள் சட்டியைக் கீழே வைத்துவிட்டுச் சந்தோஷப்பட்டார்கள். அங்கே பில் என்றால் ஒன்றுதான். கூலிக்கு ஆபீசில் போடுகிற பில். அது பாஸானால் பாங்க்கில் பணம் ஏறும். "டெல்லில சட்டம் பாஸாயிருக்கு, நம்ம பில்லு இல்ல" என்று நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. எல்லோரும் சட்டியைத் திரும்ப எடுத்தார்கள். கொஞ்ச நேரம் கழித்து ஒருவர், "சந்தோசத்த ஒரு நாளைக்காச்சும் விட்டு வைக்கலாம்ல?" என்று என்னைத் திட்டினார். மருதாயி அக்கா மட்டும் சட்டியைக் கீழே வைக்கவே இல்லை. அவருக்கு அந்த நாட்களில் எந்தச் செய்தியும் நல்ல செய்தி இல்லை என்று தெரிந்திருந்தது.

சனிக்கிழமை கிளார்க்கு தளத்துக்கு வந்தார். மூன்று நாளும் ஒரே பெயருக்குச் சிவப்பு விழுந்ததைப் பார்த்திருக்கிறார்.

"ஏம்மா, இந்தக் கண்ண வச்சுக்கிட்டு புதங்கிழம எப்படி ஏறுச்சு?"

நான் இரண்டடி தள்ளி நின்றேன்.

"அன்னைக்கு எப்படியோ சிமிட்டிருச்சுங்க" என்றார் மருதாயி அக்கா.

"ஒரு தடவ முடிஞ்சா மறு தடவையும் முடியணும்ல? முடியாதவங்கன்னா நான் எழுதிப் பாக்கலாம். நீ முடிஞ்சவன்னு லிஸ்ட்டுல இருக்கு. நான் என்னன்னு எழுதுறது?"

அவர் கோபத்தில் கேட்கவில்லை. நிஜமாகவே தெரியாமல் கேட்டார். மருதாயி அக்கா என் பக்கம் திரும்பவே இல்லை. என்னைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று வேண்டுமென்றே வேறு பக்கம் பார்த்தார். மூடாத அந்தக் கண் மட்டும் என் பக்கம் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் படுத்துக் கிடந்தேன். விஷயம் வெளியே வந்தால் லாகின் பன்னீர் சாருடையது. போவது அவர் வேலை. வெளியே வராவிட்டால் மருதாயி அக்கா புதுச் சட்டத்திலும் பழைய சட்டத்திலும் வேலைக்கு வராதவர். திங்கட்கிழமை விடிந்ததும் பையை எடுத்தேன்.

பட்டறையில் எழுதியது

மணப்பாறை பஸ் ஸ்டாண்டில் இறங்கி, திருச்சி பஸ்ஸைத் தேடிக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து குரல் வந்தது.

"அண்ணே! பையோட எங்க?"

அஞ்சலை. தூக்குவாளியோடு பட்டறைக்குப் போய்க்கொண்டிருந்தார்.

"திருச்சில ஒரு ஜோலி. நாளைக்கு வந்துருவேன்."

"சோப்பு டப்பா தெரியுது" என்றார் என் பையைப் பார்த்து. "அக்கா நேத்து போன்ல எல்லாம் சொல்லுச்சு. அழுகல. அழுதாக்கூட பரவால்லைங்கற மாதிரி பேசுச்சு. இப்ப நான் என்ன செய்யணும்? தினம் லீவு போட்டுட்டு வாய்க்காலுக்கு வந்து மூஞ்சியக் காட்டவா? அது வெட்டும், நான் சிமிட்டணுமா?"

நான் பையின் வாயைச் சுருட்டி மூடினேன்.

"ஓடுறதுன்னா ஓடுங்க. கலெக்டர் ஆபீசுல எழுதிக் குடுத்துட்டு ஓடுங்க. நீங்க செஞ்சதுன்னு உங்க கையால எழுதுனாத்தான் அக்கா ஏமாத்தலன்னு ஆகும்."

"எழுதுனா உங்க பேரும் வரும்."

"வரட்டும். முறுக்கு சுத்துற கைய வெட்டிப்புடுவாங்களா?"

பட்டறை பக்கத்துச் சந்தில்தான். எண்ணெய்ச் சட்டி சூடேறிக்கொண்டிருந்தது. பாக்கெட் ஒட்டும் மேசையில் ஒரு ஓரத்தைத் துடைத்துக் கொடுத்தார்கள். என் கையெழுத்து பள்ளிப் பிள்ளை கையெழுத்து. நான்கு தாள் வீணாயிற்று. ஐந்தாவது தாளில் இப்படி எழுதினேன்: மருதாயி என்பவருக்கு முகவாதம். இடது கண் மூடாது. பலமுறை முயன்றும் பதிவு ஏறவில்லை. அவருக்குப் பதிலாக வேறொருவர் முகத்தைக் காட்டிப் பதிந்தது நான். அவர் கேட்டுச் செய்யவில்லை. ஊராட்சிச் செயலருக்கு இது தெரியாது. மருதாயி மூன்று நாளும் வேலைக்கு வந்தார். நான் பார்த்தேன். பதிவைத் திருத்தித் தர வேண்டும்.

அஞ்சலை படிக்கச் சொல்லிக் கேட்டார். "மூணு நாளும் வந்துச்சுங்கறத மேல போடுங்க. அதான முக்கியம்?" என்றார். ஆறாவது தாள் எடுத்தேன்.

அதற்குள் அவர் அக்காவுக்குப் போன் போட்டிருந்தார். அடுத்த பஸ்ஸில் மருதாயி அக்கா வந்து இறங்கினார். என்னைப் பார்த்து, "சாப்டீங்களா தம்பி?" என்று மட்டும் கேட்டார். இருவரும் திருச்சி பஸ் ஏறினோம். வழியெல்லாம் அவர் அந்தத் தாளை மடியில் வைத்து, காற்றில் பறக்காமல் இரண்டு கையாலும் பிடித்திருந்தார். கலெக்டர் ஆபீசில் என்னைப் பிடித்து வைத்துவிடுவார்களோ, பையை யாரிடம் கொடுப்பது என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

மனு

திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் மனு வாங்குகிற நாள். பெரிய வரிசை. எங்கள் முறை வந்து, மனுவைப் பதிந்து, நூறு நாள் வேலையைப் பார்க்கும் மேஜைக்கு அனுப்பினார்கள். அங்கே கண்ணாடி போட்ட ஒரு மேடம். தாளை இரண்டு தடவை படித்தார்.

"யாரு இத எழுதுனது?"

"நான்தான் மேடம்."

"செஞ்சதும் நீங்களா?"

"ஆமா."

"படிச்சவங்க எழுதுன மனுவுல யாருமே நான்தான் செஞ்சேன்னு எழுத மாட்டாங்க. யாரோட முகம்?"

நான் தயங்கினேன். மருதாயி அக்கா முந்திக்கொண்டார். "என் தங்கச்சி முகங்க. முன்னாடி எனக்கும் அந்த மொகந்தான்."

மேடம் அவருடைய இடது கண்ணைப் பார்த்தார். பிறகு மேஜையில் இருந்த தாள் கட்டுக்குள்ளிருந்து ஒரு தாளை உருவி என் முன்னால் போட்டார். நான் தினமும் கையில் வைத்துக்கொண்டு அலைந்த அதே தாள்.

"இதுல கடைசிக் கட்டம் என்ன, படிங்க."

படித்தேன். 'பதிய இயலாதவர் எனில் காரணம்.'

"கண்ணு மூடாது, முகவாதம்னு இதுல ரெண்டு வார்த்த எழுதியிருந்தா போதும். அந்தக் கட்டம் அதுக்குத்தான் இருக்கு. இப்ப முடிஞ்சதுன்னு ஏத்திட்டீங்க. முடியாதவங்களுக்கு நான் வழி செய்யலாம். முடிஞ்சவங்களுக்கு என்ன செய்யிறது?"

கிளார்க்கு கேட்ட அதே கேள்வி. அந்தக் கட்டத்தில் நான் ஒரு நாளும் பேனாவை வைத்ததில்லை. காலியாக இருந்தால்தான் நல்ல வேலை என்று நினைத்திருந்தேன். நாற்பது பேர் முடித்த நாளில், அது காலியாக இருப்பதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டவன் நான்.

"பெரியாஸ்பத்திரில சர்ட்டிபிகேட் வாங்கிட்டு வாங்க. இதச் செயலர்கிட்டயும் விளக்கம் கேட்டு அனுப்பணும். புதுச் சட்டத்துல எப்படி வரும்னு எனக்கே இன்னும் தெரியாது, பொய் சொல்ல மாட்டேன். பழைய பதிவத் திருத்த எழுதி வைக்கிறேன்" என்றார். மனுவுக்கு ரசீது கொடுத்தார்கள். பெரியாஸ்பத்திரிக்கு வியாழக்கிழமை போகச் சொன்னார்கள்.

வெளியே வந்ததும் என் சொந்தப் போனில் பன்னீர் சார். மேடம் அதற்குள் பேசிவிட்டார் போலிருக்கிறது.

"யோவ், என் லாகின்ல என்னய்யா பண்ணி வச்ச? எனக்கு ரெண்டு பொட்டப் புள்ளைங்கய்யா."

"உங்களுக்குத் தெரியாதுன்னு எழுதியிருக்கேன் சார்."

"தெரியாதுன்னா அது மட்டும் நல்லதா? தெரியாம என்ன கிளார்க்கு வேல பாத்தன்னு கேப்பான்ல?" வைத்துவிட்டார். அவர் சொன்னதும் சரிதான்.

மருதாயி அக்காவைப் பஞ்சப்பூரில் மணப்பாறை பஸ் ஏற்றினேன். "நீங்க வல்லையா?" என்றார். "அங்க எனக்கு இனிமே வேல இல்லக்கா" என்றேன். "வியாழக்கிழம வந்துருங்க. ஆஸ்பத்திரில எனக்கு வழி தெரியாது" என்றார். சரி என்றேன். இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான்: ஆகவில்லை என்று எழுதுவதும் உங்கள் வேலைதான். அதை எழுதாதே என்று யார் சொன்னாலும் எழுதுங்கள். எதிரே நிற்கிற ஆளுக்கு அந்த இரண்டு வார்த்தைதான் பிடிமானம்.

செவ்வாய்க்கிழமை காலை

ஸ்ரீரங்கத்தில் வைகுண்ட ஏகாதசிக் கூட்டம் சேரத் தொடங்கியிருந்தது. அந்த நாட்களில் அங்கே எவனுக்கும் வேலை கிடைக்கும். உத்தர வீதியில் ஒரு வீட்டு வாசலில் பூசணிக்காயும் வாழைக்காயும் மலை மாதிரி குவிந்திருந்தன. பக்தர்களுக்குச் சாப்பாடு சமைத்துப் போடுகிற இடம். பஞ்சகச்சம் கட்டிய ஒருவர், சமையலுக்குத் தலைவர், என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"காய் திருத்துவீரா?"

எனக்கு விளங்கவில்லை. "நறுக்கணுமா சாமி?"

"இங்க நறுக்கறது, வெட்டறதுன்னு சொல்லப்படாது. பெருமாள் தளிகைக்குப் போற மாதிரி நெனச்சுண்டு செய்யற காரியம். திருத்தறதுன்னு சொல்லணும்."

"திருத்துறேன் சாமி."

"ஆதார் வச்சிருக்கீரா?"

"இருக்கு."

"பையிலயே இருக்கட்டும். கைய அலம்பிண்டு உக்காரும்."

அரிவாள்மனை முன்னால் உட்கார்ந்தேன். நான்காவது பூசணியில் போன் அடித்தது. மருதாயி அக்கா.

"தம்பி, கிளார்க்கு வந்தாரு. உங்க பேரச் சொல்லி நல்லாத் திட்டுனாரு. கேக்க எனக்குக் கஷ்டமா இருந்துச்சு, மத்தவளுங்களுக்கு ஒரே சிரிப்பு."

"இப்ப எங்கக்கா இருக்கீங்க?"

"எங்க இருப்பேன்? வாய்க்கால்லதான்."

"முகம் ஏத்துச்சா?"

"எங்க ஏத்துது. செவப்புதான்."

"அப்புறம் எதுக்கு வெட்டுறீங்க? சர்ட்டிபிகேட் வர்ற வரைக்கும் வீட்ல இருங்கக்கா."

"வீட்ல போயி உக்காந்தா, நான் வரலன்னு அது எழுதுறது நெசமாயிருமே தம்பி. நான் வந்தாத்தான் அது பொய்யி."

போனைக் கரையிலேயே வைத்துவிட்டு இறங்கிவிட்டார் போல. இணைப்பு அறுபடவில்லை. மண்வெட்டி இறங்கும் சத்தம் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தது.

உள்ளேயிருந்து சாமி குரல் கொடுத்தார். "என்ன ஓய், திருத்தியாச்சா?"

"இன்னும் ஆகலை சாமி" என்றேன்.